நீலத் துணியில் வெள்ளை நூல்: சஷிக்கோ கேள்வி – பதில்

நீலத் துணியில் வெள்ளை நூலால், வெறும் ஓடுதையலை மட்டும் வைத்துக்கொண்டு கட்டமும் வட்டமும் இலையும் வரைகிற ஜப்பானியக் கைவேலைதான் சஷிக்கோ. இதுபற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வாசகிகள் நிறையக் கேட்டிருந்தார்கள். ஒன்றுபோல வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

மருதமுனை வாசகி: அஸ்ஸலாமு அலைக்கும். சஷிக்கோவுக்கு ஜப்பான் துணியே வேண்டுமென்று இணையத்தில் சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எங்கள் ஊர்க் கைத்தறித் துணி சரிவராதா?

வஅலைக்கும் ஸலாம். நன்றாகவே சரிவரும். தறி ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு தபாலில் துணி எடுப்பிக்கத் தேவையில்லை. பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அது முழுப் பருத்தியா என்பது. இப்போது சாரத்திலும் சேலையிலும் விஸ்கோஸ், பொலியெஸ்டர் கலப்பு நிறைய வருகிறது. ஓரத்தில் நாலைந்து இழையை உருவி, கிண்ணத்துக்கு மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, விரலால் நசித்தால் பொடியாகிற சாம்பலை விடும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுத்த மணியாக இறுகும். விஸ்கோசும் கடதாசி போலவே எரியும் என்பதால் அதற்குத் தண்ணீர்ப் பரிசோதனை: இழையை நனைத்து இழுத்தால் பருத்தி பலமாக நிற்கும், விஸ்கோஸ் சட்டென்று அறும்.

இரண்டாவது, நெசவின் நெருக்கம். தடித்த சஷிக்கோ நூல் கோத்த ஊசி அதிகம் தள்ளாமல் போய்வர வேண்டும். பொப்ளின், படுக்கை விரிப்புக்கு வருகிற நெருக்க நெசவு, டெனிம் மூன்றும் கையை நோகடிக்கும். நூல் போகிற ஒவ்வொரு இடத்திலும் துணி ஒதுங்க இடமில்லாமல் மேடு தட்டும். மல்துணி போல மிக ஐதான துணியிலோ பின்பக்க நூல் நிழலாகத் தெரியும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஊடும் பாவும் தனித்தனியாகத் தெரிகிற, நடுத்தரமான சாதா நெசவே ஏற்றது. கரையும் கோடும் இல்லாத ஒற்றை நிறத் துணியை அளவு சொல்லி வெட்டித் தருவார்களா என்று தறிக்காரரிடமே கேளுங்கள். கடையில் கிடைக்கிற கட்டம் போட்ட சாரமும் வீண் போகாது. கட்டத்தையே வரைகோடாக வைத்துத் தைக்கலாம், அடிமட்டமே வேண்டியதில்லை.

தைப்பதற்கு முன் துணியை ஒருமுறை சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, கஞ்சி போக அலசி, நிழலில் காயவைத்து அயன் பண்ணுங்கள். இதைத் தவிர்த்தால் முதல் தோய்ப்பிலேயே துணி சுருங்கும், நூல் அவ்வளவு சுருங்காது. கோடு கோடாக நூல் தளர்ந்து நிற்கும்.

களுவாஞ்சிக்குடி வாசகி: பூவேலைக்கு வாங்கிய ஆறிழை நூல் வீட்டில் பெட்டி நிறைய இருக்கிறது. அதில் தைக்கலாமா? ஊசி எது?

தைக்கலாம், ஆனால் பார்வை வேறாக இருக்கும். சஷிக்கோ நூல் பல மெல்லிய பருத்தி இழைகளை ஒன்றாக முறுக்கியது, மினுக்கம் கிடையாது. தையல் உருண்டையாக எழுந்து நிற்கும். பூவேலை நூலில் ஆறு இழையும் கலைந்து பட்டையாகப் படுக்கும், மினுங்கும். பழகுவதற்கு அதுவே போதும். ஆறையும் பிரிக்காமல் சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். ஒரு படி மேலே போக விரும்பினால் முறுக்கு நூலாக விற்கிற பேர்ள் கொட்டனில் எட்டாம் இலக்கத்தை மெல்லிய வேலைக்கும் ஐந்தாம் இலக்கத்தைத் தடித்த வேலைக்கும் எடுங்கள். மெஷின் நூல் வேண்டாம். இரட்டையாகக் கோத்தாலும் அது கோடாகத் தெரியாது, துணிக்குள் புதைந்துவிடும்.

ஜப்பான் நூல் கிடைத்தால், ஒலிம்பஸ் 20 மீற்றர், 100 மீற்றர் சிட்டங்களாக வருகிறது. சின்னச் சிட்டத்தை விரித்து வளையமாக்கி, முடிச்சு உள்ள இடத்தில் எல்லா இழையையும் ஒரே வெட்டாக வெட்டி, தளரப் பின்னி வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது தலைப்பக்கத்தால் ஓர் இழையை உருவினால் சிக்காமல் வரும்.

ஊசி ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் நீளம், கூர்முனை, நீண்ட காது, உடம்பு முழுக்க ஒரே பருமன். நீளம் ஏன் முக்கியமென்றால், ஊசியை ஒவ்வொரு தையலுக்கும் இழுத்து எடுப்பதில்லை. பல தையலை ஊசியிலேயே சேர்த்துக்கொண்டு ஒரே இழுவையில் இழுக்கிறோம். கட்டை ஊசியில் இரண்டு மூன்றுக்குமேல் ஏறாது, கோடும் நேராக வராது. கம்பளி தைக்கிற மொட்டை ஊசி துணியைக் குத்தாது. கோணூசி துளையைப் பெரிதாக்கும்.

விரல் நுனியில் போடுகிற திம்பிள் இதற்கு அவ்வளவு உதவாது. ஜப்பானில் நடுவிரலின் அடியில் மோதிரம் போல மாட்டி, உள்ளங்கைப் பக்கம் வட்டத் தகடு வருகிற ஒன்றைப் போடுவார்கள். ஊசியின் காதுப்பக்கம் அந்தத் தகட்டில் முட்டி நிற்கும், உள்ளங்கை தள்ளும். பழைய தோற்பையில் இரண்டு விரல் அகலத் துண்டை வெட்டி, இரண்டாக மடித்து, வளையமாகத் தைத்தாலே வேலை நடக்கும்.

அக்கரைப்பற்று வாசகி: நான் தைக்கிற துணியெல்லாம் சுருங்கிப்போகிறது. அயன் பண்ணினாலும் படியவில்லை. தையலைச் சின்னதாக்கிப் பார்த்தேன், இன்னும் மோசம். எங்கே பிழை?

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே முறைப்பாடுதான். தையலின் அளவில் பிழை இல்லை, நூலின் இழுவையில்தான் பிழை. சாதாரணத் தையலில் நூலை இழுத்து இறுக்கிப் பழகிய கைக்கு இதை மறப்பதுதான் பெரிய பாடு. சஷிக்கோவில் நூல் துணியை இறுக்குவதே கிடையாது, துணியோடு சும்மா கிடக்கிறது. அந்தத் தளர்ச்சியை ஒவ்வொரு இழுவைக்கும் வேண்டுமென்றே கொடுக்க வேண்டும்.

முறையைச் சொல்கிறோம். பூவேலை வளையத்தைக் கழற்றி வையுங்கள். விறைத்த துணியில் இந்தத் தையல் வராது. வலக்கையில் ஊசியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடியுங்கள், காதுப்பக்கம் உள்ளங்கைப் பக்கத்துத் தகட்டிலோ தோல் வளையத்திலோ முட்டட்டும். ஊசி கிட்டத்தட்ட அசையாது. இடக்கைதான் துணியை மேலும் கீழுமாக ஆட்டி ஊசிமுனையில் ஏற்றுகிறது. நேர்கோட்டில் ஏழெட்டுத் தையல், வளைவில் மூன்று நாலு தையல் ஊசியில் ஏறியதும் நிறுத்துங்கள். துணியைக் காதுப்பக்கமாகத் தள்ளி நூலை இழுத்து எடுங்கள்.

இழுத்தவுடன் அடுத்த தையலுக்குப் போகாதீர்கள். இந்த இழுவை தொடங்கிய இடத்தை வலக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு, இடக்கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் தையல் கோட்டின் மேலும் கீழும் வைத்து, நூல் போகிற திசையிலேயே அழுத்தி நீவுங்கள். துணி முழு நீளத்துக்கு விரியும், உள்ளே இறுகிக் கிடந்த நூல் சமமாகப் பரவும். இரண்டு முறை நீவினால் போதும். ஜப்பானில் இதை இதொ-ஷிகொகி என்பார்கள். ஒவ்வொரு இழுவைக்கும் செய்ய வேண்டும். வரிசை முடிந்தபின் மொத்தமாக நீவலாம் என்று விட்டால், நூல் அதற்குள் குறுக்குக் கோடுகளில் மாட்டி நகராது.

இன்னொரு இடம் மூலை. கோடு திரும்புகிற ஒவ்வொரு மூலையிலும் பின்பக்கத்தில் 3, 4 மில்லிமீற்றர் அளவுக்குச் சின்னக் கொக்கியாக நூலைத் தளர விடுங்கள். ஒரு கோட்டிலிருந்து பக்கத்துக் கோட்டுக்குப் பின்பக்கமாகத் தாவும்போதும் அதே மாதிரி. தாவுகிற தூரம் 2.5 சென்ரிமீற்றரைத் தாண்டினால் தாவாமல் நூலை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. நீள நூல் பின்னால் தொங்கினால் எதிலாவது கொளுவி இழுபடும்.

தையல் அளவையும் கேட்டிருக்கிறீர்கள். மேலே தெரிகிற தையல் 3 மில்லிமீற்றர், கீழே மறைகிற இடைவெளி 2 மில்லிமீற்றர் – இந்த 3:2 விகிதம்தான் கணக்கு. பச்சையரிசி மணிகளை வரிசையாக வைத்த மாதிரி, மணிக்கும் மணிக்கும் நடுவே கொஞ்சம் துணி தெரிய வேண்டும். இதைவிடச் சின்னதாகத் தைத்தால் ஓர் அங்குலத்துக்குள் நூல் ஏறி இறங்குகிற தடவை கூடி, துணி இன்னும் இழுபடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஏற்கெனவே சுருங்கிப்போனதை மீட்பது எவ்வளவு தூரம் நூலை முடித்துவிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைசி நுனி இன்னும் பூட்டாமல் இருந்தால், பின்பக்கத்தில் ஊசிக் காதால் ஒவ்வொரு தையலாகக் கிளப்பி, நுனியிலிருந்து நூலை உள்ளே ஊட்டலாம். பூட்டிவிட்டால் அந்தக் கோட்டை வெட்டி எடுத்து மறுபடி தைப்பதைத் தவிர வழியில்லை. அயன் சூடு சுருக்கத்தை மடிப்பாக்கிப் பதித்துவிடும். அயன் பண்ணுவதானால் வேலை முடிந்தபின், தடித்த துவாயை விரித்து அதன்மேல் தையல் பக்கம் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்தில் மெதுவாக ஒற்றுங்கள். அழுத்தித் தேய்த்தால் எழும்பி நிற்கிற நூல் சப்பளிந்துவிடும்.

காத்தான்குடி வாசகி: வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிப் பூவிதழ் போலத் தெரிகிற கோலம் தைக்க ஆசை. எப்படி வரைவது? வட்டம் வட்டமாகத் தைத்தால் நூலை ஓயாமல் வெட்ட வேண்டியிருக்கிறதே?

அதன் பெயர் ஷிப்போ. வட்டம் வட்டமாகத் தைத்தால் பிழையாகிவிடும். அலை அலையாகத் தைக்க வேண்டும்.

முதலில் வரைதல். 5 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள வட்டம் என்று வைத்துக்கொள்வோம். துணியில் 2.5 சென்ரிமீற்றர் கட்டங்களாகக் கோடு போடுங்கள். கோடுகள் வெட்டுகிற புள்ளிகளில் ஒன்றுவிட்டு ஒன்றுதான் வட்டத்தின் மையம். மேல் வரிசையில் முதல், மூன்றாம், ஐந்தாம் புள்ளி என்றால், அடுத்த வரிசையில் இரண்டாம், நாலாம், ஆறாம் புள்ளி. கவராயத்தில் 2.5 சென்ரிமீற்றர் எடுத்து எல்லா மையத்திலும் வட்டம் போட்டால் இதழ்கள் தாமாக விழும். கவராய முனை துணியை ஓட்டையாக்கும் என்று பயந்தால், தடித்த அட்டையில் 5 சென்ரிமீற்றர் வட்டம் வெட்டி, நான்கு பக்கமும் சின்ன வெட்டுக் குறி போட்டு, குறியைக் கோட்டோடு பொருத்தி வரையுங்கள். கட்டம் அரை மில்லிமீற்றர் தவறினாலும் பத்தாவது கட்டத்தில் அரைச் சென்ரிமீற்றர் வந்துவிடும். ஆகையால் ஒவ்வொரு கட்டத்தையும் முந்திய கட்டத்திலிருந்து அளக்காமல் எல்லாவற்றையும் ஒரே ஓரத்திலிருந்து அளவுங்கள்.

இனித் தையல். ஒரு வரிசை வட்டங்களை எடுங்கள். முதல் வட்டத்தின் கீழ் அரை, இரண்டாம் வட்டத்தின் மேல் அரை, மூன்றாவதன் கீழ் அரை என்று நூல் அறாமல் அலையாகப் போகும். திரும்பி வரும்போது விட்ட அரைகளைத் தையுங்கள். இரண்டு அலையில் அந்த வரிசை முழுதும் முடியும். ஓரத்து அரைவட்டங்கள் மட்டும் அலையாக வராது, கூனல் கூனலாகத் தைக்க வேண்டும்.

5 சென்ரிமீற்றர் வட்டத்தின் கால் பங்கு ஏறக்குறைய 3.9 சென்ரிமீற்றர். அதில் 3:2 விகிதத்தில் எட்டுத் தையல் சரியாக அடங்கும். எல்லாக் கால் பங்கிலும் எட்டே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் ஏழு, இன்னொரு இடத்தில் ஒன்பது வந்தால் கண் உடனே பிடித்துவிடும். இதழ்களின் முனைகள் கூடுகிற புள்ளியில் நூல் மேலே வரவே கூடாது. நாலு பக்கத்துத் தையலும் அதற்குச் சற்று முன்னால் நிற்க, நடுவில் துணி வெறுமையாகத் தெரிய வேண்டும். அங்கே நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குமிழ் தட்டும்.

30 சென்ரிமீற்றர் சதுரத்துக்கு எவ்வளவு நூல் என்று இன்னொரு வாசகி கேட்டிருந்தார். ஓர் அலை ஆறு அரைவட்டம், 47 சென்ரிமீற்றர். தொடக்கமும் முடிவும் தளர்ச்சியும் சேர்த்து ஓர் அலைக்கு 70 சென்ரிமீற்றர் வெட்டலாம். 22 அலை, ஓரத்துக்கு 2 கோடு, எல்லாமாக 17 மீற்றரளவு. 20 மீற்றர்ச் சிட்டம் ஒன்று போதும்.

வரைவதற்கு எதை எடுப்பது என்பதில் கவனம். கருநீலத்தில் தையற்காரர் வெண்கட்டியோ, தேய்ந்து விளிம்பு கூர்ந்த சவர்க்காரத் துண்டோ நல்லது. கை பட்டு அழிந்துபோகும் என்பதால் அன்றன்று தைக்கிற பகுதியை மட்டும் வரையுங்கள். அலுவலகக் கரிக்கடதாசி வேண்டவே வேண்டாம், அதன் எண்ணெய்ப் பிசுக்கு துணியில் ஏறினால் போகாது. சூடு பட்டால் மறைகிற பேனாவை வெளிர் துணிக்குப் பாவிக்கலாம்; கருந்துணியில் மை மறைந்தாலும் வெளுத்த தடம் நிற்கிறது.

ஏறாவூர் வாசகி: முதன்முதலில் எந்தக் கோலம் தைக்க?

ஷிப்போவோ, சணல் இலைக் கோலமான அசனொஹாவோ வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சதுரங்களைத் தையுங்கள். நேர்கோடும் மூலையும் மட்டுமே. மூலையில் தையல் சரியாக முனையில் முடிய வேண்டும் என்பதை அது கற்றுத்தரும். கோட்டின் கடைசி 2 சென்ரிமீற்றரில் எத்தனை தையல் மீதி என்று பார்த்து, தேவைப்பட்டால் கொஞ்சம் நீட்டியோ குறுக்கியோ சரிக்கட்டப் பழகுங்கள். கடைசித் தையலில் மட்டும் திருத்தினால் அது தனித்துத் தெரியும்.

அதற்கடுத்துக் கூட்டல் குறிக் கோலம். 5 மில்லிமீற்றர் கட்டம் போட்டு, ஒரு கட்டம் மேலே ஒரு கட்டம் கீழே என்று முதலில் கிடைக்கோடுகள் எல்லாவற்றையும் தைத்து முடியுங்கள், பிறகு நெடுக்குக் கோடுகள். இந்த வகையை ஹிதொமெஸஷி என்பார்கள். இதில் மட்டும் மேலும் கீழும் சம அளவு. 3:2 கணக்கு இங்கே பொருந்தாது. கூட்டல் குறியின் மேல் இரண்டு மூலைவிட்டமும் தைத்தால் அரிசிக் கோலம். மெல்லிய நூல் எடுங்கள்.

வாழைச்சேனை வாசகர்: முடிச்சுப் போடக் கூடாது என்கிறார்களே, பிறகு நூல் எப்படி நிற்கும்?

ஒற்றைத் துணியில் பின்பக்கமும் தெரிகிற வேலைக்குத்தான் முடிச்சில்லை. தொடங்குகிற புள்ளியிலிருந்து கோட்டின் வழியே மூன்று நாலு தையல் தள்ளி ஊசியைக் குத்தி, தொடக்கத்தை நோக்கிப் பின்னோக்கித் தையுங்கள். பிறகு திரும்பி அதே துளைகள் வழியாக, அதே தையல்களின் மேலேயே தைத்துக்கொண்டு போங்கள். அந்த மூன்று நாலு தையல் இரட்டை நூலாகி இறுகிவிடும். முடிக்கும்போதும் அப்படியே மூன்று தையல் திரும்பி வந்து வெட்டுங்கள். உள்துணி வைத்துத் தைக்கிற பை, தலையணை உறை போன்றவற்றுக்குச் சாதாரண முடிச்சே போதும். அதைத் தப்பு என்று சொல்வது வீண் பிடிவாதம்.

ஆரையம்பதி வாசகி: பாத்திரம் துடைக்கிற, பிரம்புத் தட்டை மூடுகிற சதுரத் துணிகளை இரண்டு பக்கமும் அழகாகத் தைத்திருக்கிறார்களே, அதன் அளவு என்ன?

ஹனஃபுகின் என்பது அது. வெளுத்த பருத்தித் துணியை இரண்டாக மடித்துத் தைப்பது. அங்கே அந்தத் துணி 33, 34 சென்ரிமீற்றர் அகலத்திலேயே நெய்து வருவதால் சதுரம் சுலபம். நமக்கு: தோய்த்து உலர்த்திய வேட்டித் துணி போன்ற மெல்லிய பருத்தியில் 72 × 37 சென்ரிமீற்றர் வெட்டி, நல்ல பக்கம் உள்ளே வர 72ஐ இரண்டாக மடியுங்கள். மடிப்பு இல்லாத மூன்று பக்கமும் 1 சென்ரிமீற்றர் உள்ளே தைத்து, ஒரு பக்கத்து நடுவில் 8 சென்ரிமீற்றர் திறந்துவிடுங்கள். மூலைகளைக் குறுக்கே வெட்டிப் புரட்டினால் 35 சென்ரிமீற்றர் சதுரம். திறப்பை மறைதையலால் மூடி, சுற்றிவர ஓரத்திலிருந்து அரைச் சென்ரிமீற்றரில் ஒரு கோடு ஓடுதையல். நடுவில் 30 சென்ரிமீற்றர் சதுரத்தில் கோலம். நூலின் தொடக்கத்தை இரண்டு துணிக்கும் நடுவே வழுக்கிவிட்டு வெளியே எடுத்தால் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கும்.

துடைக்கிற துணிக்குத் தடித்த நூல் போடாதீர்கள், ஈரம் அங்கே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

கல்முனை வாசகி: அம்மாவின் பழைய நூல் சேலைகளை ஒட்டி, உள்ளே இலவம் பஞ்சு வைத்துப் போர்வை தைத்து, மேலே சஷிக்கோ போடலாமா?

சேலை சரி, இலவம் பஞ்சு சரியில்லை. இலவம் பஞ்சின் இழை வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பிணையாது. தையல் கோட்டுக்கு நடுவே நழுவி ஒரு மூலையில் கட்டியாகச் சேரும்; தோய்த்தால் இன்னும் மோசம். தலையணைக்குள் அது நிற்பதற்குக் காரணம் அங்கே அடைத்து நிரப்புவதுதான்.

நம்முடைய காலநிலைக்குத் தடித்த நடுப்படையே தேவையில்லை. பழைய பருத்தி விரிப்பு ஒன்றையோ ஃபிளனல் துணியையோ நடுவில் வையுங்கள். அடித்துணியை மேற்துணியைவிட நாலு பக்கமும் 5 சென்ரிமீற்றர் கூட வெட்டுங்கள், தைக்கத் தைக்க அடித்துணி உள்ளே இழுபடும். மூன்று படையையும் தரையில் விரித்து, அடித்துணியின் ஓரங்களை ஒட்டுநாடாவால் தரையோடு பிடிப்பித்து, நடுவிலிருந்து வெளிநோக்கி 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக நீள நூலோடுங்கள். ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓடினால் நடுவில் காற்றுப் பை போலத் துணி மிஞ்சிவிடும். அதைத் தைத்து மறைக்க முடியாது.

சஷிக்கோ நூலை மூன்று படைக்கும் ஊடே குத்துவது கைக்குக் கொடுமை, தையலும் கோணும். சஷிக்கோ வருகிற துண்டுகளை முதலில் தனியாக, பின்னால் மல்துணி வைத்துத் தைத்து முடியுங்கள். பிறகு மற்றத் துண்டுகளோடு பொருத்தி மேற்துணியாக்கி, படைகளை மெல்லிய பருத்தி நூலால் துண்டுகளின் பொருத்துகளை ஒட்டியே தைத்துச் சேருங்கள். பழஞ்சேலையில் தேய்ந்த பகுதி தெரிகிறதா என்று வெட்டுமுன் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். உடம்பு தேய்ந்திருந்தாலும் முந்தானைப் பக்கம் பெரும்பாலும் நல்லாயிருக்கும்.

சம்மாந்துறை ஆசிரியை: பாடசாலைக் கண்காட்சிக்காக இதன் வரலாறு சுருக்கமாக வேண்டும்.

ஏழைகளின் தையல் இது. ஜப்பானின் வடக்கே தொஹொகு பகுதியில் குளிர் கடுமை, பருத்தி விளையாது. குடியானவர்கள் உடுத்தது சணல் வகைத் துணி. ஐதான நெசவு, காற்றுப் புகும். அங்கேயுள்ள சுகாரு என்ற பகுதியின் ஆட்சியாளர்கள் 1724இல் போட்ட சிக்கனக் கட்டளை குடியானவர்களுக்குப் பருத்தி உடையையும் மறுத்தது. கிடைத்த பருத்தி நூலால் சணல் துணியின் இடைவெளிகளை நிரப்பித் தைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் சுகாருவின் கொகின். துணி இழையை 1, 3, 5 என்று ஒற்றைப்படையாக எண்ணித் தைப்பது அது. பக்கத்து நன்புப் பகுதியின் ஹிஷிஸஷி இரட்டைப்படையாக எண்ணுகிறது. ஆகவே கொகின் சாய்சதுரம் உயர்ந்து நிற்கும், நன்புவினது அகலமாகப் படுக்கும். யமகதாவின் ஷொனாய் சஷிக்கோவையும் சேர்த்து மூன்று பெரும் மரபு என்பார்கள்.

1891இல் தோக்கியோவிலிருந்து வடக்கே அஒமொரி வரைக்கும் ரயில் பாதை முடிந்தது. மலிவான பருத்தித் துணி வந்தது, கொகின் தைக்க வேண்டிய தேவை குறைந்தது. பின்னர் நாட்டார் கைவினை இயக்கத்தைத் தொடங்கிய யனகி சோஎத்சு போன்றவர்கள் அதை மறுபடி கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர் முன்னின்று உருவாக்கிய நாட்டார் கைவினை அருங்காட்சியகம் தோக்கியோவில் 1936இல் திறந்தது. மாணவர்களுக்குப் பிடிக்கிற ஒரு செய்தி: எடோ காலத்துத் (1603–1868) தீயணைப்புக்காரரின் மேலங்கி, பல படைப் பருத்தியை நெருக்கத் தைத்தது. தண்ணீரில் நன்றாக ஊறவைத்து உடுத்திக்கொண்டு நெருப்புக்குள் போவார்கள். வண்ண ஓவியம் உட்பக்கத்தில் இருக்கும்.

பொத்துவில் வாசகி: பேரப்பிள்ளைக்கு அசனொஹா கோலத்தில் சட்டை தைக்கலாமா?

ஜப்பானிலும் குழந்தை உடுப்புக்கு விரும்புகிற கோலம் அதுதான். சணல் செடி நேராகவும் வேகமாகவும் வளர்வதால். ஆனால் பின்பக்கத்தில் தளர விட்ட நூல் கொக்கிகளில் பிள்ளையின் சின்ன விரல் மாட்டும். மெல்லிய உள்துணி வைத்து மூடித் தையுங்கள்.

திருக்கோவில் வாசகி: கருநீலத் துணியில் மூன்று மாதமாகத் தைத்து முடித்துத் தோய்த்தேன், வெள்ளை நூல் எல்லாம் வெளிர்நீலமாகிவிட்டது. கடைக்காரர் சாயம் போகாது என்றுதான் தந்தார். இனி என்ன செய்ய?

காய விடாதீர்கள், அயன் பண்ணாதீர்கள், சாயம் நிலைத்துவிடும். காய்ந்திருந்தாலும் மறுபடி நனையுங்கள். பெரிய வாளி நிறையக் குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரத் தூள், துணியை மடிக்காமல் மிதக்கவிட்டு அரை மணித்தியாலம். தண்ணீர் நீலமானதும் ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர். தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள், சில வேளை ஏழெட்டுத் தடவையும் ஆகும். வெளுப்பான் போட்டால் நூலோடு துணியும் வெளுக்கும். வினாகிரியும் உப்பும் பருத்திச் சாயத்தைப் பிடித்து வைக்கும் என்பது நம்ப முடியாத வைத்தியம். முழுவதும் போகாவிட்டாலும் பெரும்பகுதி குறையும்.

அடுத்த முறை வெட்டுவதற்கு முன்பே, ஈரமான வெள்ளைத் துணித் துண்டை அந்தத் துணியின்மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நீலம் ஒட்டினால் தண்ணீர் தெளியும்வரை தோய்த்த பிறகுதான் ஊசி. சிவப்பு நூல் எடுத்தால் நூலையும் இதேபோலப் பாருங்கள்.

ஒலுவில் வாசகி: இடக்கையால் தைக்கிறேன். முறை மாறுமா?

இடமிருந்து வலமாகத் தையுங்கள், தோல் வளையத்தை இடக்கையில் போடுங்கள். மற்ற எல்லாம் அதேதான்.

கிரான் வாசகி: மழைக்காலத்தில் ஊசி துருப்பிடித்துத் துணியில் புள்ளி விழுகிறது.

வேலையை நிறுத்தும்போது ஊசியைத் துணியில் குத்தி விட்டுவிட்டுப் போவதால் வருவது. கார்த்திகை, மார்கழி ஈரத்தில் ஓர் இரவே போதும். ஊசியைத் துடைத்து, உலர்ந்த பஞ்சு வைத்த மூடியுள்ள சின்ன டப்பாவில் போடுங்கள். விழுந்த புள்ளிக்கு எலுமிச்சம்புளியும் உப்பும் தடவி வெயிலில் சிறிது நேரம் வைத்து அலசலாம். நீலத் துணியில் அப்படிச் செய்யாதீர்கள், அந்த இடம் வெளிறும். பாதி முடிந்த வேலையைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் வரும். பழைய தலையணை உறைக்குள், மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.